ஏர்பேக் இல்லாத பழைய காருக்கு பெல்ட் எதுக்கு?

காங்கேயத்து வாசகர் கேட்டது, 6 ஜூலை 2025

என்னிடம் 2004 மாடல் மாருதி எஸ்டீம் இருக்கிறது. ஏர்பேக் கிடையாது. காங்கேயம், தாராபுரம், எப்போதாவது கோவை, அவ்வளவுதான் ஓட்டம். ஏர்பேக் இல்லாத வண்டியில் பெல்ட் போடுவது போலீஸுக்காகத்தானே, வேறு என்ன பிரயோஜனம் என்கிறார் என் மைத்துனர். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று. அவர் 90களில் அமெரிக்காவில் இருந்தபோது வைத்திருந்த சின்னக் காரில், ஏறிக் கதவைச் சாத்தினால் பெல்ட் தானாக நகர்ந்து வந்து தோளில் உட்காருமாம். அப்படி ஒன்றை எஸ்டீமில் மாட்ட முடியுமா? எங்கப்பாவுக்கு பெல்ட் என்றாலே ஆகாது. தானாக வந்து மாட்டிக்கொண்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

6 ஜூலை, இரவு

மைத்துனர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார். ஏர்பேக் இல்லாத வண்டியில் உங்கள் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே இருப்பது பெல்ட் ஒன்றுதான். அதையும் கழற்றிவிட்டால் அப்புறம் சிவன்மலை முருகன்தான் காப்பாற்ற வேண்டும்.

ஏர்பேக் இருந்தாலும் பெல்ட்தான் முதல் வேலைக்காரன். முன்சீட்டில் இருப்பவர் சாகும் வாய்ப்பை பெல்ட் மட்டுமே ஏறக்குறைய 45 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கு. ஏர்பேக் அதன் மேல் கூட்டித் தருவது இதைவிட மிகக் குறைவு. பெல்ட் போடாத ஆள் பிரேக் அடிக்கும்போதே முன்னால் சரிந்துவிடுவான். பை விரிகிற நேரத்தில் அதன் வாயிலேயே முகத்தை வைத்திருப்பான். கண் இமைக்கும் முன் விரிகிற பை அது, மெத்தை மாதிரி வந்து தாங்காது, அறையும்.

வேகம் குறைவு, ஊருக்குள்தான் ஓட்டம் என்பதும் சமாதானம் ஆகாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் புளியமரத்தில் போய் மோதி, வண்டியின் முன்பக்கம் 70 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் 60 கிலோ ஆளைப் பிடித்து நிறுத்த 800 கிலோவுக்கு மேல் இழுவை வேண்டும். ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன் என்று சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 800 கிலோவைக் கையால் பிடிக்கிறவர் கார் ஓட்ட வேண்டாம், காங்கேயம் காளையையே அடக்கப் போகலாம்.

தானாக வரும் பெல்ட் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். பட்டறையில் சோலி கிடக்கிறது.

7 ஜூலை

மாட்ட முடியாது. முடிந்தாலும் வேண்டாம்.

அமெரிக்கக்காரர்களை பெல்ட் போட வைக்க அந்த அரசாங்கம் பட்ட பாடு பெரிய கதை. ஆள் கையை அசைக்காமலே பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்று 70களிலேயே விதி எழுதினார்கள். 1981இல் ரீகன் அரசு அதைத் தூக்கிப் போட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. 1983இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், காரணம் சொல்லாமல் அப்படித் தூக்கிப் போட முடியாது என்றது. 1984இல் போக்குவரத்து அமைச்சர் எலிசபெத் டோல் புது உத்தரவு போட்டார்: 1987 மாடலில் நூற்றுக்குப் பத்து கார்களில் தொடங்கி, 1990 மாடலில் எல்லா கார்களிலும் தானியங்கிப் பாதுகாப்பு இருந்தாக வேண்டும். அது ஏர்பேக்காகவும் இருக்கலாம், தானாக வரும் பெல்ட்டாகவும் இருக்கலாம்.

எது மலிவோ அதைத்தானே கம்பெனிக்காரன் போடுவான்? சின்ன வண்டிகளில் பெரும்பாலும் பெல்ட் வந்தது. அதில் இரண்டு ரகம். ஒன்றில் பெல்ட்டைக் கதவிலேயே பொருத்தியிருப்பார்கள். கதவு திறக்கும்போது பெல்ட்டும் கூடவே போகும், நீங்கள் அதற்கு அடியில் நுழைந்து உட்கார வேண்டும். மற்றதில் கதவுக்கு மேலே ஒரு தண்டவாளம், அதில் மோட்டார் இழுக்கும் ஒரு கொக்கி. டொயோட்டா கிரெசிடாவில் 1981இல் வந்தது இந்த மோட்டார் ரகம்.

மைத்துனர் வைத்திருந்தது எது என்று கேட்டுச் சொல்லுங்கள். ஜியோ மெட்ரோ என்றால் அது உங்கள் எஸ்டீமுக்குப் பங்காளி. இரண்டும் சுஸுகி கல்டஸ் வம்சம்.

8 ஜூலை

ஃபோர்டு எஸ்கார்ட்டாம். அப்போ மோட்டார் ரகம்தான், அவர் சொன்ன அடையாளமும் அதற்குத்தான் பொருந்துகிறது. மெட்ரோவில் கதவோடு போகிற பெல்ட்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: இடுப்புப் பெல்ட்டைக் கையால் மாட்டினாரா? மோட்டார் கொண்டுவருவது தோளுக்கு மட்டும். இடுப்புக்கு உள்ளதை நாமாகத்தான் எடுத்து மாட்ட வேண்டும்.

8 ஜூலை, ராத்திரி

"ஒரு நாளும் மாட்டியதில்லை. அப்படி ஒன்று இருந்ததே ஞாபகம் இல்லை" என்றாராம். நினைத்தேன். முக்கால்வாசிப் பேர் கதை அதுதான். தோளில் ஒன்று வந்து உட்கார்ந்ததும் வேலை முடிந்தது என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது.

இடுப்பில் பிடி இல்லாமல் தோளில் மட்டும் பெல்ட் இருந்தால் மோதும்போது கீழுடம்பு டேஷ்போர்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். தோள்பட்டையில் இருந்த பெல்ட் கழுத்துக்கு ஏறிவிடும். உடம்பில் பெல்ட் இழுவையைத் தாங்கக்கூடிய இடங்கள் இடுப்பெலும்பும், காறை எலும்பும், நெஞ்சுக்கூடும்தான். வயிறும் கழுத்தும் தாங்காது. 1959இல் வால்வோ இன்ஜினியர் நீல்ஸ் போலின் இன்றைக்கும் நாம் போடுகிற மூன்று முனை பெல்ட்டைச் செய்தபோது கணக்கில் வைத்தது இதைத்தான். அவர் அதற்கு முன்னால் விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி எறியும் சீட் வடிவமைத்துக்கொண்டிருந்தவர். உடம்பு எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று தெரிந்த ஆள். ஒரே பட்டை, ஒரே கையில் மாட்டலாம், இடுப்பும் தோளும் சேர்ந்து கட்டுப்படும். இருபது வருடம் கழித்து மோட்டார் வைத்து அதை மறுபடியும் இரண்டாகப் பிரித்தார்கள்.

13 ஜூலை

கரூர் தம்பி கேட்டதற்கு: பின்சீட்டில் பெல்ட் தேவையில்லை, முன்சீட்டுதான் மெத்தையாக இருக்கிறதே என்று அவர் வீட்டில் சொல்கிறார்களாம்.

அந்த மெத்தையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான் தம்பி.

எங்கள் பெரியப்பா மகன் அண்ணன் பழைய சான்ட்ரோ வைத்திருந்தார். பின்சீட்டில் பெல்ட் வராத காலத்து வண்டி. உடுமலையிலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் வெடியால நேரம், முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கூட இல்லை. அண்ணனும் அண்ணியும் முன்னால், இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். சித்தி பின்னால், டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னே, சம்மணம் போட்டு உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பார்க்க நான் போனேன். ஸ்டீயரிங் அப்படியே இருந்தது, ஆள் மோதிய தடயமே இல்லை. டிரைவர் சீட்டின் முதுகு மட்டும் முன்னால் மடிந்து கிடந்தது. அண்ணனுக்கு விலா எலும்பு உடைந்தது ஸ்டீயரிங்கில் பட்டு அல்ல, பின்னாலிருந்து சித்தி வந்து தள்ளியதில். சித்திக்குத் தொடை எலும்பு முறிவு, பொங்கல் வரை படுக்கை. அண்ணிக்கு இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை பட்டை பட்டையாகக் கன்றிப்போயிருந்தது. ஊதாவாக இருந்து, பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தது. ஆஸ்பத்திரியில் மூவரில் எழுந்து நடமாடியது அண்ணி ஒருத்தர்தான், மற்ற இருவருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

அண்ணியின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். தோள் உயரத்தில் பட்டை நுழைந்து வரும் வளையம் இருக்கிறதே, அதன் பிளாஸ்டிக் ஒரு கோடாக உருகி வழவழவென்று இருந்தது. பட்டையிலும் அதே இடத்தில் பளபளப்பாக ஒரு தழும்பு. ஒருமுறை அப்படி இழுபட்ட பெல்ட் அப்புறம் ஆகாது, முழு செட்டையும் மாற்ற வேண்டும். அந்தப் பட்டறைக்காரர் "நல்லாத்தான இருக்குதுங்க" என்று அதையே விடப் பார்த்தார்.

13 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

2022 செப்டம்பரில் மும்பை பக்கம் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தது ஞாபகம் இருக்கும். வசதியான, பாதுகாப்பான, ஏர்பேக் நிறைந்த கார். அவர் பின்சீட்டில் இருந்தார், பெல்ட் போடவில்லை. அந்த வாரம் முழுக்க எல்லோரும் பின்சீட்டு பெல்ட்டைத் தேடினார்கள். அடுத்த வாரம் மறந்தாயிற்று.

20 ஜூலை

காங்கேயத்து அண்ணா, உங்கள் எஸ்டீமின் பின்சீட்டில் பெல்ட்டே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2004 வண்டியில் இல்லாமல் இருக்க வாய்ப்பு குறைவு. புதுக் கார்களுக்குப் பின்சீட்டு பெல்ட் கட்டாயமானது 2002இல். சீட் கவர் போட்டிருக்கிறீர்களா?

20 ஜூலை, மாலை

போட்டிருக்கிறாராம். ரெக்ஸின், வாங்கிய வருடமே போட்டது.

அதற்கு அடியில்தான் இருக்கிறது. சீட் கவர் கடைக்காரர்கள் செய்யும் புண்ணியம் இது. பின்சீட்டின் பக்கிளுக்கு ஓட்டை வெட்டி ஓரம் தைக்க நேரமாகும் என்று, பக்கிளைச் சந்துக்குள் தள்ளி மேலே கவரை இழுத்துக் கட்டிவிடுவார்கள். பார்க்க மொழுமொழு என்று இருக்கும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. இந்த ஊரில் எத்தனை பழைய வண்டிகளில் பெல்ட் இப்படி ஜீவசமாதியில் இருக்கிறதோ. கவரின் பின்கொக்கிகளைக் கழற்றி, சீட்டும் முதுகும் சேரும் இடத்தில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சில்லறையும் கிடைக்கும்.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

பவானி கூடுதுறை போய் வந்தோம். மச்சானின் புதுக் கார். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் முன்சீட்டு இரண்டுக்கும் பெல்ட் மாட்டாவிட்டால் பீப் அடிக்க வேண்டும் என்பது விதி. திரும்பும்போது முன்சீட்டில் தேங்காய் மூட்டையை வைத்தார், வண்டி ஆள் ஏறியதாக நினைத்து அலறியது. மச்சான் மூட்டைக்கு பெல்ட் மாட்டினார், சத்தம் நின்றது. பெருந்துறை தாண்டித்தான் கவனித்தேன்: தேங்காய் பத்திரமாகக் கட்டப்பட்டு வருகிறது, பின்னால் எங்கள் அப்பத்தா பெல்ட் இல்லாமல் ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறார்.

"அவங்களுக்கு பீப் அடிக்காதே மாப்ளே" என்றார் மச்சான்.

3 ஆகஸ்ட், படுக்கும் முன்

மூட்டை விஷயத்தில் ஒன்று. 1974 மாடல் அமெரிக்கக் கார்களில் முன்சீட்டுக்காரர்கள் பெல்ட் மாட்டாவிட்டால் இன்ஜினே ஸ்டார்ட் ஆகாது என்று வைத்தார்கள். சீட்டில் மளிகைப் பை வைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. ஜனங்கள் கொதித்துப்போய், அதே வருடம் அவர்கள் பாராளுமன்றம் அதைத் தடை செய்து சட்டம் போட்டது. எச்சரிக்கைச் சத்தமும் எட்டு விநாடிக்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதிலேயே எழுதினார்கள். இங்கே நாம் சட்டத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பெல்ட்டின் நாக்கு மாதிரி ஒரு தகரத் துண்டை வாங்கி பக்கிளில் சொருகி சத்தத்தை அடக்கினோம். 2023இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து அந்தத் துண்டுகளை நீக்கச் சொல்லும் அளவுக்கு விற்பனை.

4 ஆகஸ்ட்

மோட்டார் பெல்ட்டை ஒரேயடியாகத் திட்டிவிட்டேனோ என்று நேற்றிலிருந்து யோசனை. எங்கப்பா காரில் ஏறினால் பெல்ட்டை மாட்ட மாட்டார். நீலாம்பூர் பக்கம் போலீஸைப் பார்த்தால் மட்டும் இழுத்துத் தோளில் போட்டுக் கையால் பிடித்துக்கொள்வார், தாண்டியதும் விட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தோளிலாவது ஒன்று தானாக வந்தால் அது பூஜ்யத்தைவிட மேல்தானே? அமெரிக்காவில் அந்த விதியைக் கொண்டுவந்தவர்களின் வாதமும் அதுதான். அவர்கள் காலத்தில் அங்கேயும் பெரும்பாலானோர் பெல்ட் போடுவதில்லை. நியூயார்க்கில் பெல்ட் கட்டாயம் என்று முதல் மாநிலச் சட்டம் வந்ததே 1984இல்தான்.

ஆனால் அப்பா குள்ளம். எஸ்டீம், ஜென் மாதிரி வண்டியில் அவருக்குத் தோள் பெல்ட் கழுத்தை ஒட்டித்தான் போகிறது. இடுப்பில் பிடி இல்லாமல் கழுத்தோரம் மட்டும் ஒரு பட்டை என்றால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 1975 வாக்கில் ஃபோக்ஸ்வேகன் ராபிட்டில் தோளுக்கு மட்டும் தானியங்கி பெல்ட் வைத்தவர்கள், முழங்கால் வழுக்காமல் இருக்க டேஷ்போர்டுக்குக் கீழே தனியாக மெத்தைத் தடுப்பு வைத்தார்கள். அது அந்த பெல்ட்டோடு சேர்ந்த பாதி. நம் பட்டறையில் பாதியை மட்டும் காப்பி அடிக்க முடியாது.

கதவில் மாட்டும் ரகம் இன்னும் மோசம். மோதும்போது கதவு திறந்துகொண்டால் பெல்ட்டும் அதோடு போய்விடும். பழைய மாருதி கதவுகளை ஒரு விரலால் சாத்திப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆக, என் ஓட்டு இப்போதும் அதேதான். ஆனால் அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன்.

10 ஆகஸ்ட்

சத்தியமங்கலத்துக்காரர்: "திம்பம் மலைப்பாதையில் நிறுத்தி ஏறினால் பெல்ட் இழுத்தால் வருவதில்லை, பூட்டிக்கொள்கிறது, பழுதா?"

பழுது இல்லை. பெல்ட் சுருளும் பெட்டிக்குள் ஒரு சின்ன எஃகுக் குண்டு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். வண்டி திடீரென்று நின்றால் குண்டு கிண்ணத்தின் ஓரத்துக்கு ஏறி ஒரு நெம்பைத் தூக்கும், நெம்பு பல்சக்கரத்தில் விழும், பெல்ட் பூட்டிக்கொள்ளும். வண்டி சரிவில் நின்றாலும் குண்டு ஓரத்துக்கு உருளும். அப்போது சுண்டி இழுக்காமல், முழுக்க உள்ளே விட்டுவிட்டு மெதுவாக இழுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். பட்டையை வெடுக்கென்று இழுத்தால் பூட்டுவதற்கு இன்னொரு ஏற்பாடு தனியாக இருக்கிறது. சமதளத்தில் அதை மட்டும் சோதித்துப் பார்க்கலாம்: வெடுக்கென்று இழுத்தும் பூட்டவில்லை என்றால் அதுதான் பழுது.

17 ஆகஸ்ட்

என் ஜென்னுக்கு (2001) பின்சீட்டு பெல்ட் போட்ட கதையைக் கேட்டார்கள். நீளமாகவே சொல்கிறேன், இதில்தான் ஆட்கள் கைகால் போகிற வேலை செய்கிறார்கள்.

என் வண்டியில் பின்னால் பெல்ட் இல்லை, ஆனால் பெல்ட்டுக்கு உண்டான இடம் இருந்தது. ஜென்னை ஐரோப்பாவுக்கு சுஸுகி ஆல்ட்டோ என்ற பெயரில் ஏற்றுமதி செய்தார்கள், அங்கே பின் பெல்ட் இல்லாமல் விற்க முடியாது. பின்சீட்டைத் தூக்கி, தரைவிரிப்பை ஒதுக்கிப் பார்த்தால் கருப்பு ரப்பர் மூடிகள், அதை நெம்பினால் உள்ளே தகட்டோடு சேர்த்து வெல்டு செய்த நட்டு. இது இல்லாத வண்டியில் தகட்டில் ஓட்டை போட்டு பெல்ட் மாட்டுவது சும்மா. அந்த மெல்லிய தகடு காகிதம் கிழிவது போலக் கிழிந்து போல்ட்டோடு வந்துவிடும்.

நட்டு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு இருபது மரை. உலகம் முழுக்க பெல்ட்டுக்கு இந்த அளவுதான் வழக்கம். வண்டியில் மற்றதெல்லாம் மில்லிமீட்டர், இது மட்டும் அங்குலம். என் பக்கத்துப் பட்டறைத் தம்பி பெட்டியிலிருந்து 10 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்து உள்ளே விட்டான், அது ஆடியது. 12 மில்லிமீட்டர் நுழையவே இல்லை. "அண்ணா, மரையை 12க்குப் போட்டுடலாங்களா?" என்றான். மரை வெட்டும் டேப்பைக் கையிலேயே எடுத்துவிட்டான். கணபதியில் பட்டறை வைத்திருப்பவனுக்கு மரை போடுவது பழக்கதோஷம், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நட்டைக் கடைந்தால் அதன் பலம் போய்விடும். பெல்ட் செட்டோடு வரும் போல்ட்டைத்தான் போட வேண்டும்.

பழைய பார்ட்ஸ் கடையில் வேறு வண்டிச் சுருள் பெட்டி மலிவாகக் கிடைத்தது. வாங்கவில்லை. மேலே சொன்ன குண்டு இருக்கிறதே, அந்தப் பெட்டி எந்தச் சாய்வில் நிற்க வேண்டுமோ அந்தச் சாய்வில் நின்றால்தான் குண்டு கிண்ணத்தின் நடுவில் உட்காரும். வேறு வண்டிப் பெட்டியை வேறு கோணத்தில் மாட்டினால் எப்போதும் பூட்டியே இருக்கும், அல்லது பூட்டவேண்டிய நேரத்தில் பூட்டாது. அந்தப் பெட்டியைத் தந்த வண்டி எப்படிச் செத்தது என்றும் நமக்குத் தெரியாது. கடைசியில் சுருளாத, கையால் நீளம் சரிசெய்யும் மூன்று முனை பெல்ட் புதிதாக வாங்கிப் போட்டேன். பழைய மாருதி 800இல் முன்சீட்டில் இருந்தது அதே ரகம்தான். வசதி குறைவு, தொளதொளவென்று விட்டால் பிரயோஜனம் இல்லை, ஆள் மாறும்போதெல்லாம் இறுக்க வேண்டும். ஆனால் அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

24 ஆகஸ்ட்

இருபது வயது தாண்டிய காருக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. என் ஜென்னுக்கு அடுத்த வருடம். விற்றுவிடுங்கள் என்கிறார்கள் வீட்டில். பின் பெல்ட் போட்ட செலவை யார் தருவது?

24 ஆகஸ்ட்

பொள்ளாச்சி அக்கா, இங்கே வண்டி விற்பனை பேச வேண்டாம் என்று திட்டியது சரி. திரும்புகிறேன். பெல்ட் போடாவிட்டால் அபராதம் 100 ரூபாய் என்று நீங்கள் எழுதியது பழைய கணக்கு. 2019 திருத்தச் சட்டத்தில் 1,000 ஆக்கினார்கள், தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து அதுதான் வசூல். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் போடாவிட்டாலும் அதே ஆயிரம், கட்டுவது ஓட்டுபவர்.

31 ஆகஸ்ட்

தோட்டத்துச் சாளையில் வண்டி நிறுத்துபவர்கள் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். எலி. எங்கள் மாமா வண்டியில் பெட்டிக்குள் சுருண்டிருந்த பகுதியில் ஓரம் கடித்து, பாதி அகலம்தான் மிச்சம். மாட்டும்போது கண்ணில் படாத இடம். மாமா அதைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிவிட்டார், அதுவும் அழகாக, சிவப்பு நூலில்.

பெல்ட் பட்டை பாலியஸ்டர் நெசவு. சர்வதேச விதிப்படி குறைந்தது ஒன்றரை டன் இழுவைக்கு அறுபடக் கூடாது. ஊசி போட்ட இடமெல்லாம் இழை அறுந்திருக்கும். கம்பெனித் தையலைப் பாருங்கள், முனையில் கட்டம் கட்டமாக ஓடும், அதற்கென்று கணக்கு வைத்துப் போட்டது. கரூரில் நாடாத் தறி வைத்திருக்கும் தம்பி "நானே நெய்து தருகிறேன்" என்கிறார். நெய்துவிடலாம் தம்பி, சோதிப்பதற்கு மாமாவைத்தான் உட்கார வைக்க வேண்டும்.

ஓரம் பிசிறு, வெயிலில் வெளிறிப்போன நிறம், வெட்டு இதில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

7 செப்டம்பர்

காதுகுத்துக்குப் பழனி போகிறவர் கேட்டது: ஒரு வயதுப் பிள்ளையை முன்சீட்டில் அம்மா மடியில் வைத்து இருவருக்கும் சேர்த்து பெல்ட் போடலாமா?

கூடாது. அப்படிப் போட்டால் அம்மாவின் எடை முழுவதும் பிள்ளையை பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். போடாமல் வைத்தால், முதலில் சொன்ன அதே மோதலில் பத்து கிலோப் பிள்ளை கையில் 140 கிலோவாகிவிடும். பழைய வண்டியிலும் மூன்று முனை பெல்ட் இருந்தால் அதிலேயே கட்டுகிற குழந்தை இருக்கைகள் உண்டு, பின்சீட்டில் வையுங்கள். வாங்கும் முன் ஒன்று பாருங்கள்: பழைய சின்னக் கார்களில் பெல்ட் நீளம் பத்தாமல் போவதுண்டு. கடைக்கு வண்டியைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில், பின்னோக்கிப் பார்க்கும் இருக்கையை முன்சீட்டில் வைக்கவே கூடாது.

கர்ப்பிணிகள் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: போட வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே தொடையை ஒட்டி, தோள் பட்டை மார்புக்கு நடுவே. சேலைக் கொசுவம் கசங்கும், கசங்கட்டும்.

14 செப்டம்பர்

காங்கேயத்து அண்ணா கவரைக் கழற்றிப் பார்த்தாராம். ஓரத்து இரண்டு பக்கிளும், நடுவில் இடுப்புக்கு மட்டுமான ஒரு பெல்ட்டும் இருக்கிறது. இருபது வருடம் இருட்டிலேயே இருந்ததால் புத்தம் புதுசு. சந்தில் மூன்று ஐம்பது பைசாவும் ஒரு கம்மலும் கிடைத்தன. கம்மல் யாருடையது என்று வீட்டில் விசாரணை நடக்கிறதாம், அதில் நான் தலையிட மாட்டேன்.

அவருடைய அப்பா பெல்ட்டை வெறுப்பதற்கும் ஒரு காரணம் தெரிந்துவிட்டது. முன்சீட்டு பெல்ட் சரியாகச் சுருளாமல் மடியில் கிடந்து, இறங்கும்போது காலில் மாட்டுகிறது. ஸ்பிரிங் போய்விட்டது என்று பட்டறையில் சொன்னார்களாம். அதற்கு முன் தோள் உயர வளையத்தைப் பாருங்கள். வியர்வையும் தூசியும் சேர்ந்து அதில் பிசின் மாதிரி படிந்திருக்கும், பட்டை அதில் ஒட்டி ஒட்டித்தான் போகும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் வளையத்தையும் பட்டையையும் துடைத்து, வெளியே இழுத்துக் கிளிப் போட்டு நிழலில் காயவிடுங்கள். பிளீச்சிங், டீசல், கிரீஸ் எதுவும் ஆகாது. பெட்டியைப் பிரிக்கவும் வேண்டாம், உள்ளே சுருள்வில் இருக்கிறது, முகத்தில் அடிக்கும்.

16 செப்டம்பர்

துடைத்ததும் சுருள்கிறதாம். அப்பா ஈரோடு வரை போட்டுக்கொண்டு போனார், வரும்போது போடவில்லை என்று எழுதியிருக்கிறார்.

நடு சீட்டு பெல்ட்டில் யாரை உட்கார வைப்பது என்று கேட்டதற்கு: முடிந்தால் யாரையும் வேண்டாம், பின்னால் இரண்டு பேரோடு நிறுத்துங்கள். மூன்றாவது ஆள் வந்தே தீர வேண்டும் என்றால் பெரியவர் ஒருவர், பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் இறுக்கமாக. கவரை மறுபடி மாட்டும்போது மூன்று பக்கிளுக்கும் ஓட்டை வெட்டி ஓரம் தைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தனியாகக் காசு கேட்பார், கொடுத்துவிடுங்கள்.